தெளிந்த தண்ணீருக்குப் பயந்தவர்

என் அத்தான் சிலாஸ் பயந்தவர். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை, அவரே ஒத்துக்கொள்வார். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு, பூட்டினோமா இல்லையா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். கேஸ் அடுப்பை அணைத்தபின் மூன்று தடவை மோந்து பார்ப்பார். செகந்தராபாத்தில் எங்கள் தமிழ்ச் சபையின் பாடகர் குழுவில் முப்பது வருஷமாக அடிக்குரல் பாடுகிறார். இன்றைக்கும் பாட்டு தொடங்குமுன் அவர் கையிலிருக்கும் புத்தகம் நடுங்கும். பக்கத்தில் நிற்கிற எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

என் அக்கா யூனிஸ் அப்படிப்பட்டவள் அல்ல. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பாம்பை விளக்குமாற்றால் அடித்தவள். ஆனால் அவளுக்கும் ஒரு பயம் வந்து சேர்ந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, அவள் வைத்த விரால் மீன் குழம்பை டப்பாவில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போன அத்தான், சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாந்தி நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். கெட்ட மீனைச் சமைத்துப் புருஷனைக் கொல்லப் பார்த்தேனே என்று அக்கா வராந்தாவில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் மீன் கிடையாது. எங்கள் அம்மாவிடம் அவள் கற்ற அந்தக் குழம்புக்காகவே ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கே ஆஜராகிக்கொண்டிருந்த எனக்கு அது தனிப்பட்ட இழப்பு.

அத்தானுக்கு வேலை பாலாநகரில், முலாம் பூசும் ஒரு தொழிற்சாலையில். இரும்பு போல்ட், நட்டு, கொக்கி எல்லாவற்றுக்கும் துருப்பிடிக்காமலிருக்க ஜிங்க் முலாம் பூசுவார்கள். துத்தநாகம் என்று தமிழில் சொன்னால் அங்கே யாருக்கும் புரியாது. முலாம் பூசிக் கழுவிய தண்ணீரில் ஜிங்க் கரைந்திருக்கும். அதை அப்படியே சாக்கடையில் விடக்கூடாது. விட்டால் அது போய்ச் சேரும் ஏரியில் மீன் பிழைக்காது. ஜிங்க் மீனின் செவுளில் போய்த் தங்கும், செவுள் சளி கட்டும், தண்ணீருக்குள்ளேயே மீன் மூச்சுத் திணறிச் சாகும். கழிவுத் தண்ணீரிலிருந்து ஜிங்க்கைப் பிரித்தெடுப்பதுதான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த சிலாஸின் இருபத்து நாலு வருஷத்து வேலை.

எப்படிப் பிரிப்பது என்பதை அவர் எனக்கு ஓர் ஈரானி ஹோட்டலில் உஸ்மானியா பிஸ்கட்டை வைத்துக்கொண்டு விளக்கியிருக்கிறார். தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் காஸ்டிக் சோடாவைச் சேர்த்தால், கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த ஜிங்க் வெள்ளை வெள்ளையாகத் திரளும். கஞ்சி ஆடை போலக் கொழகொழவென்று இருக்கும். அதுதான் ஜிங்க் ஹைட்ராக்சைடு. சும்மா தண்ணீரில் கரையாது, மெள்ள அடியில் படியும். மேலே நிற்கும் தண்ணீரை வெளியே விடலாம். படிந்ததைப் பிழிந்து கட்டியாக்கி மூட்டை கட்டலாம். அந்த வெள்ளைக் கட்டியை நன்றாகச் சுட்டால் தண்ணீரெல்லாம் போய் ஜிங்க் ஆக்சைடு மிஞ்சும். வேர்க்குருவுக்குத் தடவும் லோஷனில் இருப்பது அதுதான்.

இவ்வளவு சாதுவான பொருளா என்றேன். அப்போதுதான் அத்தான் குரலைத் தாழ்த்தினார், யாரோ ஒட்டுக்கேட்பது போல.

"சாதுதான் மாப்ளே. ஆனா ரெண்டு பக்கமும் சாயும். ஆசிட் ஊத்துனாலும் கரைஞ்சிடும். காஸ்டிக் கூடிப் போனாலும் கரைஞ்சிடும்."

அதாவது, கல்யாணத்தில் பெண் வீட்டுப் பந்தியிலும் உட்கார்ந்து மாப்பிள்ளை வீட்டுப் பந்தியிலும் உட்காருகிற ஆள். தண்ணீரின் காரத்தை அளக்கும் பி.எச். மீட்டர் ஒன்பதையொட்டிக் காட்டும்வரை வெள்ளையாக அடியில் கிடக்கும். பதினொன்றைத் தாண்டினால் திரும்பவும் தண்ணீரில் கலந்துவிடும். கலந்தபின் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். பார்க்கிறவன் ஆகா எவ்வளவு சுத்தம் என்பான். உள்ளே ஜிங்க்கும் இருக்கும், நாக்கையும் தொண்டையையும் வெந்துபோக வைக்கிற காரமும் இருக்கும். கலங்கிய தண்ணீருக்கு நான் பயப்படமாட்டேன், தெளிந்த தண்ணீருக்குத்தான் பயப்படுவேன் என்றார் அத்தான். அவர் பயப்படாத பொருள் ஒன்று உண்டா என்று நான் கேலி செய்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பாலாநகர்ப் பக்கம் இந்த மாதிரித் தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. சுத்திகரித்த தண்ணீர் வரும் இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து அதில் மீன் விடுவார்கள். சோதிக்க வருகிறவர்கள் மீன் நீந்துவதைப் பார்த்துத் திருப்தி அடைவார்கள். அத்தானின் முதலாளி வேணுகோபாலுக்கு மீன் போதவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால், போல்ட் வாங்கும் பெரிய கம்பெனியின் ஆட்கள் பார்வையிட வந்தபோது, எங்கள் ஆளே இந்தத் தண்ணீரைக் குடிப்பார் என்று சொல்லிவிட்டார். அத்தான் ஒரு எவர்சில்வர் டம்ளரில் மொண்டு குடித்துக் காட்டினார். வந்தவர்கள் கைதட்டினார்கள். அப்புறம் வருஷம் ஒரு முறை அது ஒரு சடங்காகவே ஆயிற்று. ஆக மொத்தம் எட்டு தடவை.

அது உண்மையான தண்ணீர் இல்லை என்று எனக்கு மட்டும் ஒருநாள் சொன்னார். தூண் மறைவில் ஓர் அலமாரி. அதில், ஊருக்குக் குடிக்க வரும் மஞ்சீரா ஆற்றுக் குழாய்த் தண்ணீர் நிரப்பிய டம்ளர் ஒன்று முன்கூட்டியே இருக்கும். வெற்று டம்ளரோடு தொட்டிப் பக்கம் குனிந்து நிமிரும்போது மாற்றிக்கொள்வார். வந்தவர்கள் பத்தடி தள்ளி மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில் வர யாருக்குத்தான் ஆசை. மீன் தொட்டிக்கும் அதே வைத்தியம்தான். சுத்திகரித்த தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றி வைத்திருப்பார். ஊரை ஏமாற்றுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. அதைவிட, பிடிபட்டுவிடுவோமோ என்ற பயத்தில் வருஷம் முழுதும் அவர் செத்துச் செத்துப் பிழைத்தது பரிதாபமாக இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து கணேஷ்குமார் என்ற இளைஞர் மேனேஜராக வந்தார். நல்ல பையன். அத்தானை வாய்க்கு வாய் அண்ணா என்பார். கம்பெனி வேலையில் சிலாஸ் அண்ணாவைப் போல நேர்மையான ஆளை நான் பார்த்ததில்லை என்று என்னிடமே ஒருமுறை சொன்னார். தான் சுத்தம் செய்த தண்ணீரைத் தானே குடிக்கிற மனிதர் என்பதுதான் காரணம். அதைக் கேட்டபோது அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன ஜூலையில் ஒரு புதன்கிழமை மறுபடியும் கம்பெனி ஆட்கள் வரவிருந்தார்கள். இந்தத் தடவை தலைமை ரஞ்சனா என்ற அம்மாள். மிகவும் கறாரானவர் என்று முன்னமே பேச்சு. மூன்று நாளாகத் தண்ணீர் சரியாகத் தெளியவில்லை. வெள்ளைத் துணுக்குகள் மேலே மிதந்துகொண்டிருந்தன. அத்தான் காலை ஆறு மணிக்கே போய்விட்டார். மீட்டர் ஒன்பது புள்ளி இரண்டு காட்டியது. சரியான அளவுதான். ஆனாலும் துணுக்குகள் கண்ணை உறுத்தின. அவையும் அடியில் படியட்டும் என்று ஒரு மக் காஸ்டிக் கரைசல் ஊற்றினார். மீட்டர் ஒன்பது புள்ளி இரண்டு. தைரியத்துக்கு இன்னொன்று. ஒன்பது புள்ளி இரண்டு. இன்னும் இரண்டு. முள் அசையாத கடிகாரத்தைப் பார்த்து, நேரமே ஆகவில்லை என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பவனைப் போல, அந்த மீட்டர் செத்துப் போய்விட்டது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மற்ற நாளாக இருந்தால் தோன்றியிருக்கும். அன்றைக்கு அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ரஞ்சனா அம்மாள்தான். கலக்கியை ஓடவிட்டு, சட்டை மாற்றப் போனார்.

பதினோரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். முதலாளி, ரஞ்சனா, கூட இரண்டு பேர், முன்னால் வழிகாட்டிக்கொண்டு கணேஷ்குமார். அத்தான் தூணருகே தயாராக நின்றார். அப்போதுதான் மீன் தொட்டியைப் பார்த்தார்.

ஆறு கறுப்பு மோலி மீன்களும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டு பக்கவாட்டில் சாய்ந்துவிட்டன. வால்வு திறந்திருந்தது. யாரோ மறந்து மூடிவைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக் கணேஷ்குமார்தான் பத்து மணிக்குத் திறந்திருக்கிறார். அத்தான் பெரிய தொட்டியை எட்டிப் பார்த்தார். நேற்று வரை அடியில் நாலு விரல் கனத்துக்குக் கிடந்த வெள்ளைப் படிவு அங்கங்கே திட்டாகத்தான் இருந்தது. மிச்சம் சிமெண்ட் தரை தெரிந்தது. தரையில் கிடந்த ஒரு பழைய போல்ட்டின் மரை கூடத் தெரிந்தது. அவ்வளவு தெளிவு. இரண்டு விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். சோப்பு போல வழுக்கியது. இருபத்து நாலு வருஷத்து விரல்கள், அவற்றுக்கு மீட்டர் தேவையில்லை.

படிந்திருந்ததில் பெரும்பகுதி கரைந்து தண்ணீருக்குள் போய்விட்டது. அப்போதும் அவருக்கு ஒரு ஆறுதல் இருந்தது. குடிக்கப்போவது நான்தானே, அலமாரியில் மஞ்சீரா தண்ணீர் இருக்கிறதே. இவர்கள் போனபின் எல்லாவற்றையும் சரி செய்துவிடலாம். இப்படி நினைத்தேன் என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தை மூடிக்கொண்டார்.

கணேஷ்குமார் மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்தார். வருஷா வருஷம் சிலாஸ் அண்ணா குடிக்கிறார், இந்த வருஷம் மேனேஜரான நான் குடிக்கிறேன் என்று வந்தவர்களிடம் ஆங்கிலத்தில் சொன்னார். ரஞ்சனா புருவத்தை உயர்த்தினார். முதலாளி சிரித்தார். அத்தானின் கையிலிருந்த வெற்று டம்ளரைக் கணேஷ்குமார் உரிமையோடு வாங்கிக்கொண்டார்.

அத்தானின் கண்முன் வந்து நின்றான் பழைய ஆள் ஒருவன். அத்தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தண்ணீர் பாட்டிலில் யாரோ ஊற்றிவைத்திருந்த காஸ்டிக்கைத் தாகத்தில் ஒரு வாய் குடித்தவன். தொண்டை வெந்து சுருங்கிப் போய், பிறகு அவன் கஞ்சியைத் தவிர வேறெதையும் விழுங்கியதில்லை. கணேஷ்குமாருக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். பெண்சாதி சுபாஸ்ரீ முழுகாமல் இருக்கிறாள் என்று போன வாரம்தான் இனிப்புக் கொடுத்தார். அத்தான் அலமாரிப் பக்கம் கையை நீட்டினார்.

"சார், நான் மொண்டு தரேன்."

"வேண்டாங்கண்ணா. நானே மொண்டாத்தான் அவங்க நம்புவாங்க."

குனிந்து டம்ளர் நிறைய மொண்டார். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பச்சைத் தண்ணீர் போலிருந்தது. இனி ஒரே ஒரு வழிதான், வாயைத் திறந்து சொல்வது. சொன்னால் வேலை போகும். ஐம்பத்திரண்டு வயதில், ஏமாற்றினவன் என்ற பெயரோடு பாலாநகரில் எந்தக் கதவைத் தட்டுவது? சொல்லாவிட்டால் அந்தப் பையனின் தொண்டை போகும். டம்ளர் உதட்டுக்குப் போயிற்று.

"நக்கோ, வேண்டாம் சார். குடிக்காதீங்க."

கணேஷ்குமார் அதை அண்ணனின் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். டம்ளர் இறங்கவில்லை. அத்தான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். தண்ணீர் பாதி சிந்தியது. தன் வாழ்நாளில் யார் மேலும் கை வைத்தறியாத மனிதர்.

முதலாளி தெலுங்கில் திட்ட ஆரம்பித்தார். கணேஷ்குமாருக்கு ஒன்றும் புரியவில்லை. மீட்டர் சரியாகத்தானே காட்டுகிறது, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்றார். அத்தான் வாதாடவில்லை. மேஜையிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையை எடுத்து டம்ளரில் மிஞ்சியதை அதில் ஊற்றினார். சொட்டுக் குப்பியில் இருந்த நீர்த்த ஆசிட்டை எடுத்தார். முதல் சொட்டுகள் வெளியே விழுந்தன. பிறகு உள்ளே விழுந்தன. அஞ்சாறு சொட்டு வரை ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் தெளிந்த தண்ணீருக்குள்ளிருந்து வெள்ளை எழும்பியது. புகைபோலச் சுருண்டு, குவளை முழுதும் பால் திரிந்ததுபோல் ஆயிற்று.

கணேஷ்குமார் தன் நனைந்த கையைப் பார்த்தார். அத்தான் அவரை இழுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் கையைப் பிடித்துக் கழுவிவிட்டார், குழந்தைக்குக் கழுவுவதுபோல.

இன்றைக்கு மீட்டர் பழுது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் ரஞ்சனா கோட்டைத் தாண்டிப் பக்கத்தில் வந்து, கோபமில்லாமல், இதற்கு முன் நீங்கள் குடித்தது என்ன என்று இந்தியில் கேட்டார். அத்தான் அலமாரியிலிருந்து மற்ற டம்ளரை எடுத்து மேஜையில் வைத்தார். குழாய்த் தண்ணீர் என்றார். கணேஷ்குமார் முகத்தை அப்போது பார்த்திருக்கவே கூடாது என்று அத்தான் என்னிடம் சொன்னார்.

முதலாளி அவரை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அத்தான் நான்கு நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அக்காவிடம் மீட்டர் கெட்டுப்போன கதையை மட்டும் சொன்னார், டம்ளர் கதையைச் சொல்லவில்லை. வேலையைவிட அவருக்கு அந்தப் பையனை நினைத்துத்தான் பயம். எத்தனை சொட்டு உதட்டில் பட்டிருக்குமோ, உள்ளே போயிருந்தால் வயிற்று அமிலத்தில் என்ன ஆகியிருக்குமோ என்று ஓயாமல் கணக்குப் போட்டார். உடம்புக்கு ஜிங்க் வேண்டியதுதான், வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு டாக்டரே மாத்திரையாகக் கொடுக்கிறார், ஆனால் அது மில்லிகிராம் கணக்கு என்று கூரையைப் பார்த்துச் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தபோது கணேஷ்குமாரே வந்தார். வலது கையில் தோல் லேசாக உரிந்திருந்தது, மற்றபடி நன்றாக இருந்தார். சுத்திகரிப்பைச் சரிசெய்யத் தொழிற்சாலைக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்களாம். டம்ளர் சடங்கு இனிமேல் கூடவே கூடாது என்று ரஞ்சனா எழுதியிருக்கிறாராம். முதலாளி அத்தானைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டாராம், ஆனால் ஒரு மாதத்துக்குத் தன் முகத்தில் முழிக்க வேண்டாம் என்றாராம். அத்தானுக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கணேஷ்குமார் வாங்கினார். குடிக்கவில்லை. ஒரு விரலை நனைத்துக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தார். அதற்கப்புறம்தான் குடித்தார். செய்ததை அவரே உணர்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

"எட்டு தடவைல ஒரு தடவையாச்சும் நெசமாலுமே குடிச்சீங்களாண்ணா?"

எனக்கும் அதைக் கேட்கத் தோன்றியதில்லை.

"மொதத் தடவை நெஜமாத்தான் குடிச்சேன், சார். வெள்ளை வெள்ளையா மெதந்துச்சு. கண்ண மூடிட்டுக் குடிச்சிட்டேன். வாயெல்லாம் இரும்பு ருசி. ரெண்டு மணி நேரத்துல வாந்தி. வயித்து ஆசிட்ல எல்லாம் கரைஞ்சிருக்கும்ல. ரெண்டு நாள் ஆஸ்பத்திரில கெடந்தேன்."

அக்கா கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அது என்னைக்கி?" என்று கேட்டாள்.

அத்தான் அவளைப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை என்றார்.

"எட்டு வருசமா என் கையப் பாத்து நானே பயந்துக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"சொன்னா நீ என்னைய வேலைக்கு விடமாட்டேன்னு பயந்தேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். நான் கிளம்பும்போது வாசலில் வந்து, அடுத்த ஞாயிறு விரால் வாங்கி வா என்று என்னிடம் சொன்னாள்.

வாங்கிக்கொண்டு போனேன். எட்டு வருஷத்துக்கப்புறம் அந்த வீட்டில் மீன் குழம்பு கொதிக்கிற வாசனை. இலை போட்டு நானும் அத்தானும் உட்கார்ந்தாயிற்று. அக்கா எங்களுக்குப் பரிமாறவில்லை. சமையலறை வாசலில் நின்றபடி தானே ஒரு துண்டு மீனைக் குழம்போடு பிசைந்து சாப்பிட்டாள். கையைக் கழுவிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எங்களுக்குப் போட்டாள்.